மாயாவியின் கையை வரைந்த கை

எங்கள் உப்பிலியபுரம் வீட்டுப் பரணில் மாமாவின் தகரப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே அட்டை கிழிந்த முத்து காமிக்ஸ் கொஞ்சம், ஒரு நீள நோட்டு. நோட்டு முழுக்க இரும்புக்கை மாயாவிதான். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் மாமாவின் கையெழுத்து, தேதியோடு! பள்ளியில் அந்த நோட்டைப் பார்த்த ஓர் ஆசிரியர், "எல்லாம் காப்பி, திருட்டுப் படம்" என்று சொல்லிவிட்டாராம். மாமா அன்றோடு வரைவதை விட்டுவிட்டார்.

பார்த்து வரைவது திருட்டா நண்பர்களே? இதற்குப் பதில் தேடப் போய் நான் தெரிந்துகொண்டதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மாயாவி. சிவகாசியிலிருந்து 1972-ல் வந்த முத்து காமிக்ஸின் முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'தான். மூலக்கதை 1962-ல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கியது. வரைந்தவர் ஹெசுஸ் பிளாஸ்கோ, ஸ்பெயினின் பார்சிலோனாக்காரர். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்களில் ஓவியர் பெயர் போடும் வழக்கமே கிடையாது. ஆக, தமிழ்நாட்டுப் பையன்கள் ஒரு மகா ஓவியரின் கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள், அது யார் கை என்று தெரியாமலே. மாமா தன் பெயரைப் போட்டதில் தப்பே இல்லை என்பேன். போடுவதற்கு அவருக்குத் தெரிந்த வேறு பெயர் எது?

அடுத்து ரிப் கிர்பி. நம்மூர் காமிக்ஸ் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரிந்த துப்பறிவாளர். 1946-ல் அவரை உருவாக்கிய அலெக்ஸ் ரேமண்ட் 1956 செப்டம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். தொடரை நிறுத்தவில்லை. ஜான் பிரெண்டிஸ் என்பவர் ரேமண்டின் பாணியிலேயே வரைய ஆரம்பித்து, 1999 வரை, அதாவது நாற்பது வருஷத்துக்கும் மேல் வரைந்தார்! அவருக்கு உதவியாளராகக் கொஞ்ச நாள் இருந்தவர் ஆல் வில்லியம்சன். சின்ன வயதிலிருந்தே ரேமண்டின் 'ஃப்ளாஷ் கார்டன்' மேல் பைத்தியமாக இருந்தவர். 1967-ல் ரகசிய ஏஜெண்ட் காரிகன் தொடர் அவர் கைக்கு வந்தது. 1934-ல் அதே தொடரை முதன்முதலில் வரைந்தவர் யார் தெரியுமா? அதே ரேமண்ட்தான்.

மாடஸ்டி கதை இன்னும் சிக்கலானது. 1970-ல் ஒரு கதை பாதியில் நிற்கும்போதே ஓவியர் ஜிம் ஹோல்டவே இறந்துவிட, மீதியை என்ரிக் ரொமேரோ எடுத்து வரைந்தார். கதை நடுவில் நாயகியின் முகம் மாறினால் வாசகர் விடுவாரா?

இவர்களையெல்லாம் யாரும் திருடர் என்று சொல்லவில்லை. நம் பக்கமும் அப்படித்தானே? 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியபோது மணியம் போட்ட படங்கள்தான் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்தன. அவர் மகன் மணியம் செல்வனும், சில்பியின் சீடர் பத்மவாசனும் அதே தூரிகை வழியில் வந்தவர்கள்தான். அதைப் பரம்பரை என்கிறோம்.

சரி, மாமாவின் படங்கள் ஏன் சரியாக வரவில்லை? இதை நானே வரைந்து பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். மாமா வரைந்தது பால்பாயிண்ட் பேனாவில். எவ்வளவு அழுத்தினாலும் அதன் கோடு ஒரே தடிமன். மை தொட்டு எழுதும் நிப்போ அழுத்தினால் விரியும், விட்டால் முடிபோல் மெலியும். தூரிகை இன்னும் மோசமான வாத்தியார். விரலால் இழுத்தால் நடுங்கும், மணிக்கட்டோடு சேர்த்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். திருச்சியில் ஒரு பாட்டில் இந்தியன் இங்க்கும் இரண்டாம் நம்பர் தூரிகையும் வாங்கி வந்து ஒரு வாரம் வெறும் கோடாகப் போட்டேன். (லுங்கி போச்சு, அம்மாவிடம் வாங்கியது தனிக்கதை.)

இன்னொன்றும் உண்டு. காமிக்ஸ் ஓவியர்கள் அச்சில் வருவதைவிடப் பெரிதாக வரைவார்கள். சுருக்கும்போது கோடுகள் மெலிந்துவிடும். நாம் புத்தக அளவிலேயே வரைந்தால் அந்த மெல்லிசு எந்தக் கைக்கும் வராது. போதாக்குறைக்கு சாணித்தாள் அச்சில் மை பரவி, நெருக்கமான சின்னக் கோடுகளெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். மாமா அந்தக் கறுப்பை அப்படியே உண்மை என்று நம்பி, பேனாவால் தேய்த்துத் தேய்த்துத் தாளையே ஓட்டை போட்டிருக்கிறார்.

போன பொங்கல் லீவில் அதே படத்தை இரண்டு மடங்கு பெரிதாகத் தூரிகையில் வரைந்து மாமாவிடம் காட்டினேன். கீழே 'ஹெசுஸ் பிளாஸ்கோவைப் பார்த்து' என்று எழுதியிருந்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"யாரு மாப்ள இது?"

"நீங்க வரைஞ்சீங்களே மாமா, அந்தக் கை இவரோடது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தத் தூரிகையை இப்படிக் கொடு" என்றார்.