இரண்டு பணத்துக் காவல்

முத்துச் சிப்பிக்கு வயசுக் கணக்கு உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் எடுத்தால் உள்ளே உருப்படியாக ஒன்றும் இராது. ஆறேழு வருஷத்துக்கு மேல் விட்டுவைத்தாலோ சிப்பி தானே செத்து வாய் பிளந்துவிடும். முத்து கடலடி மணலோடு மணலாகப் போய்விடும். தூத்துக்குடிக்கு எதிரே தொள்ளாயிரம் பார் போன்ற இடங்களில் 1961 வரையில் நடந்த சலாபங்களுக்கெல்லாம் இந்தக் கணக்குத்தான் ஆதாரம். கடல் அடங்கியிருக்கும் பங்குனி, சித்திரையில் சில வாரங்கள். அவற்றை நழுவவிட்டால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். காலத்தின் அருமையைப் பரதவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

அப்படிப்பட்ட ஜனங்களைப் பற்றித்தான், "இரண்டு பணம் மிச்சம் பிடிப்பதற்காக இராக்காவல் போடாமல் இருந்துவிடுவார்கள்" என்ற கருத்தில் 1544-ஆம் வருஷம் ஒருவர் எழுதினார். எழுதியவர் சாமானியர் அல்லர், சவேரியார். கடிதத்தை முதன்முறை படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தெரிகிறது.

1535-க்கும் 1537-க்கும் இடையில் இந்தக் கரையிலே பரதவர்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். இருபதினாயிரம் பேர் என்பார்கள். முத்துக்குளிப்பு உரிமை பற்றிய சண்டையில் உயிருக்கும் தொழிலுக்கும் ஆபத்து வந்தபோது, ஊர்ப் பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் உதவியைக் கேட்டார்கள். உதவி வந்தது, கூடவே வேதமும் வந்தது. தண்ணீர் வார்க்க வந்த குருமார்கள் வார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சொல்லிக் கொடுக்கும் வேலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றது. அந்த "அப்புறம்" வருவதற்கு ஐந்தாறு வருஷம் ஆயிற்று!

1542-இல் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்த சவேரியார் ஜனங்களிடம், "நீங்கள் என்ன விசுவசிக்கிறீர்கள்?" என்று விசாரித்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்டோபர் 28-இல் இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். தவறு யாருடையது? கேட்கத் தெரியாதவனுடையதா, சொல்ல வராதவனுடையதா? எனக்கென்னவோ இரண்டாமவனைத்தான் முதலில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. சவேரியாருக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். ஐரோப்பாவின் சர்வகலாசாலைகளுக்குப் போய், முக்கியமாகப் பாரிஸுக்குப் போய், படிப்பை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவர்களைப் பார்த்துப் பித்துப் பிடித்தவனைப் போலக் கத்த வேண்டும் போலிருக்கிறது என்று 1544 ஜனவரியில் எழுதினார்.

அவர் கத்தப் போகவில்லை. இரு மொழியும் அறிந்தவர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஜெபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்தார்.

அந்த 1544-இல்தான் விஜயநகரப் படையைச் சேர்ந்த வடுகக் குதிரைக்காரர்கள் கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களில் புகுந்தார்கள். ஜனங்கள் கடலோரப் பாறைகளுக்கு ஓடி, பசியிலும் தாகத்திலும் தவித்தார்கள். செய்தி கிடைத்ததும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளோடு புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. துடுப்புப் போட்டும் கயிறு கட்டி இழுத்தும் பார்த்தார்கள், குமரிமுனை எட்டவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சக ஊழியர் மான்சிலாஸுக்கு அவர் எழுதிய அவசரக் கடிதங்களை வாசிக்க வேண்டும். கரையோரத்து ஊர்களில் காவல் போடுங்கள், தோணிகளை இப்போதே கடலில் இறக்கிச் சாமான்களை ஏற்றி வையுங்கள், நிலாக் காலத்தில் குதிரைகள் வந்துவிடும் என்று எச்சரிக்கிறார். இரண்டு பணக் கணக்கு அங்கேதான் வருகிறது. ஏளனமாக எழுதிய வாக்கியமல்ல அது. காவல்காரனுக்குக் கொடுக்கும் கூலி இன்றைக்கே மடியிலிருந்து போகிறது. குதிரையோ நாளைக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும். குடும்பஸ்தன் எவனும் இப்படித்தான் கணக்குப் போடுகிறான். ஓட்டைக் கூரையை ஐப்பசி வரையில் தள்ளிப் போடுகிறவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்!

செப்டம்பரில் தூத்துக்குடிக்கும் அந்த நாள் வந்தது. ஊரை விட்டு ஓடியவர்கள் எதிரே இருந்த தீவுகளில் போய் ஒண்டினார்கள். உப்புக் காற்று, வெயில், குடிக்கத் தண்ணீர் கிடையாது. புன்னைக்காயல் தோணிகளையெல்லாம் திரட்டி, தண்ணீரும் உணவும் ஏற்றிக்கொண்டு உடனே போகும்படி மான்சிலாஸுக்கு மறுபடியும் கடிதம் பறந்தது. இந்த மான்சிலாஸ் பின்னாளில் மொலுக்காஸ் தீவுகளுக்குப் போகும்படி வந்த உத்தரவுக்கு இணங்காமல் சபையிலிருந்து நீக்கப்பட்டார் என்பது தனிக் கதை. ஒரு நாவலுக்குப் போதும்.

போதிக்கும் வேலை பிற்பாடு அன்றீக் அடிகளாரின் கைக்கு வந்தது. அவர் மற்றவர்களைப் போல மொழிபெயர்ப்பாளனை நம்பிக் காலம் தள்ளவில்லை. உட்கார்ந்து தமிழ் படித்தார், தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். அவர் தமிழாக்கிய "தம்பிரான் வணக்கம்" 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. பதினாறே பக்கம். முதல் ஞானஸ்நானத்துக்கும் இந்தச் சிறு புஸ்தகத்துக்கும் நடுவில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. தண்ணீர் வார்க்கப்பட்ட பலர் அது கையில் கிடைக்கும் முன்பே கண்ணை மூடியிருப்பார்கள்.

அச்சுச் செலவுக்குப் பணம் திரட்டிக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? இராக்காவலுக்கு இரண்டு பணம் எடுக்கத் தயங்கிய அதே கரையின் பரதவர்கள்தாம்.