சின்னப்பரா, பவுலா?

எங்க ஆச்சி செத்தன்னிக்கு வீட்டுல அழுகைச் சத்தத்தை விட வாக்குவாதச் சத்தம்தான் ஜாஸ்தி. எந்தக் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்றதுங்கறதுதான் பிரச்சினை.

ஆச்சி பொறந்தது தூத்துக்குடியில ஆர்.சி. குடும்பத்துல. வாக்கப்பட்டது சி.எஸ்.ஐ. குடும்பத்துல. ஞாயித்துக்கிழமை தாத்தாவோட எங்க கோயிலுக்கு வருவா. ஆனா ஆகஸ்ட் 5 வந்துட்டா பனிமய மாதா திருவிழாவுக்குப் போகாம இருக்க மாட்டா. பீரோவுல சேலைக்கு அடியில ஜெபமாலை இருக்கும். தாத்தாவுக்குத் தெரியும், கேட்டதில்ல.

ரெண்டு பேரும் வேதம் படிப்பாங்க. தாத்தா பவுல்னு சொன்னா ஆச்சி சின்னப்பர்ம்பா. அவருக்குப் பேதுரு, இவளுக்கு இராயப்பர். அவருக்கு யோவான், இவளுக்கு அருளப்பர். சின்ன வயசுல இவங்கல்லாம் வேற வேற ஆளுங்கன்னே நெனச்சிட்டிருந்தேன் :-)

அன்னைக்கு அம்மாவோட பொறந்த வீட்டுக் கல்லறையிலதான் வைக்கணும்னு மாமா (ஆச்சியோட தம்பி மகன்) நின்னார். அப்பா பக்கத்துலதான்னு பெரியப்பா நின்னார். நடுவுல சித்தப்பா, "சபைப் பிரிவினையே வேதத்துல கிடையாது மாப்ளே"ன்னார். மாமா ஒரே வார்த்தைதான் கேட்டார்: "அப்புறம் நீங்க ஏன் பிரிஞ்சீங்க?"

அந்தக் கேள்வி எனக்குள்ள நின்னுடுச்சு. பிரிஞ்சது யாரு, எதுக்கு? நம்ம கடற்கரைக் கதையையே பார்ப்போம்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கூட்டமா ஞானஸ்நானம் வாங்குனாங்க. முத்துக்குளிப்பில் போட்டியாளர்களோட சண்டை, அதுக்குப் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பு வேணும். ஆரம்பம் அதுதான். விசுவாசம் பிறகுதான் வேர்விட்டுச்சு. 1542ல சவேரியார் வந்து ஊர் ஊரா நடந்து ஜெபம் சொல்லிக்கொடுத்தார்.

1658ல டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. இவங்க கால்வின் வழி வந்த புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கச் சாமியார்களை விரட்டுனாங்க. பால்தேயுஸ்ங்கற டச்சுப் பாதிரியார் ஜனங்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். முத்துக்குளிப்பு டச்சுக்காரன் கையில, அதிகாரமும் அவன் கையில. ஆனா ஜனங்க அசையல. ராஜா மாறினா சாமியையும் மாத்தணுமான்னு இருந்துட்டாங்க. டச்சு ஆட்சி நடக்கும்போதே 1713ல பனிமய மாதா கோயில் எழும்பிச்சு. டச்சுக்காரங்க 1750ல தங்களுக்குன்னு தனியா ஒரு கோயில் கட்டிக்கிட்டாங்க. பீச் ரோட்டுல இருக்கிற அந்தக் கோயில்தான் இப்போ சி.எஸ்.ஐ. பரிசுத்த திரித்துவ ஆலயம். ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு நடந்தே போயிடலாம்.

சரி, கத்தோலிக்கருக்குள்ளயாவது ஒத்துமை இருந்துச்சான்னு கேட்டா... அதுவும் இல்ல. பழைய உரிமைப்படி இங்கே ஆயரை நியமிக்கிற பாத்தியதை போர்ச்சுக்கல் ராஜாவுக்கு இருந்துச்சு. 1838ல போப் பதினாறாம் கிரகோரி இந்தப் பகுதிகள்ல அதை ரத்து பண்ணினார். கோவா சாமியார்கள் ஒத்துக்கல. ரோமாபுரி அனுப்பின சேசு சபைச் சாமியார்கள் ஒரு பக்கம், கோவா சாமியார்கள் மறுபக்கம். மாதா கோயில் கோவா பக்கமே நின்னுச்சு. சேசு சபையார் 1849ல திரு இருதயக் கோயிலைக் கட்டுனாங்க. ஒரே போப்பு, ஒரே லத்தீன் பூசை, ஒரே ஊர் ஜனம். ஆனா கட்சி ரெண்டு! சாவி யார் கையிலங்கறதுதான் சண்டை. 1923ல தூத்துக்குடி தனி மறைமாவட்டமாச்சு. ரோச் ஆண்டகைங்கற தமிழர் அதுக்கு முதல் ஆயரானார். அந்தச் சண்டை அடங்க ரொம்பக் காலம் ஆச்சு.

எங்க பக்கத்துக் கதையும் லேசுப்பட்டதில்ல. நாசரேத்துல அருமைநாயகம்னு ஒருத்தர், சட்டாம்பிள்ளைன்னு சொன்னாத்தான் தெரியும். மிஷனரியோட மோதல். அதோட கால்டுவெல் 1849ல நாடார்களைப் பத்தி எழுதின புத்தகம் ஏற்படுத்தின காயம். 1857ல பிரிஞ்சு போய் பிரகாசபுரத்துல இந்துக் கிறிஸ்தவ சபையை ஆரம்பிச்சார். வெள்ளைக்காரன் வழக்கமெல்லாம் வேதத்துல எங்கே இருக்குன்னு கேட்டார். சனிக்கிழமையை ஓய்வுநாளா வச்சுக்கிட்டார். அவரைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வரல. மரியாதை இல்லாத வீட்டுல எத்தனை நாள்தான் இருப்பான் மனுஷன்?

நாசரேத்துக்கு அதிக தூரமில்லாத வெள்ளாளன்விளையில 1874ல பொறந்தவர் அசரியா. 1912ல ஆங்கிலிக்கன் சபையோட முதல் இந்தியப் பேராயர் ஆனார். 1919ல தரங்கம்பாடியில 30க்கும் மேற்பட்டவங்க கூடி ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. அதுக்கு முன்னால நின்னவங்கள்ல அவர் ஒருத்தர். இந்தப் பிரிவினைகளை நாங்க உண்டாக்கல, வெளியிலேருந்து எங்க மேல ஏத்தினது, இதைக் கட்டிக் காக்கிற ஆசையும் எங்களுக்கில்லங்கறதுதான் அதோட சாரம். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து 1947 செப்டம்பர் 27ல சி.எஸ்.ஐ. உருவாச்சு. அதைப் பார்க்க அசரியா இல்ல. 1945 ஜனவரி 1ல போயிட்டார்.

வேதம் என்ன சொல்லுது? கொரிந்து சபையில ஆளாளுக்கு ஒரு தலைவர் பேரைச் சொல்லிக் கட்சி கட்டுனப்போ பவுல் கண்டிச்சார். அதே பவுல் மாற்குவை வச்சு பர்னபாவோட சண்டை போட்டுப் பிரிஞ்சதையும் வேதம் மறைக்கல. ஆனா கடைசிக் காலத்துல அதே மாற்குவைக் கூட்டிட்டு வரச் சொல்லி எழுதுறார். சாப்பாடு, விசேஷ நாள் மாதிரி விஷயங்கள்ல ஒருத்தரை ஒருத்தர் குத்தம் சொல்லாதீங்கன்னு ரோமருக்கு எழுதினதும் அவர்தான். அப்போ அவர் எங்கேதான் விட்டுக்கொடுக்கல? அந்தியோகியாவுல. யூதரல்லாத விசுவாசிகளோட சாப்பிட்டுக்கிட்டிருந்த பேதுரு, ஆள் வர்றதைப் பார்த்துப் பந்தியை விட்டு விலகினப்போ, முகத்துக்கு நேரா எதிர்த்தார்.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். பேரு வேற, பாட்டு வேற, கிழமை வேறன்னா அதை வேதம் தாங்கும். பந்தியை விட்டு எழுந்து போறதைத் தாங்காது. நம்ம கடற்கரையில நடந்த பிரிவுகள்ல பாதி, ராஜா யாரு, சாவி யார்கிட்ட, மரியாதை யாருக்குங்கறதுல வந்தது. வசனத்தை அப்புறமாத் தேடி ஒட்டவச்சாங்க.

கடைசியில ஆச்சியைத் தாத்தா பக்கத்துலதான் வச்சோம். பெட்டியை மூடறதுக்கு முன்னால மாமா வந்தார். பீரோவுல இருந்த அந்த ஜெபமாலையை ஆச்சி கையில சுத்திவிட்டார். எங்க ஐயர் பார்த்துக்கிட்டு நின்னார். மாமா வீட்டாளுங்க ஜெபத்தை முடிக்கிற வரைக்கும் புத்தகத்தைத் திறக்கவே இல்ல.

அன்னைக்கு ராத்திரி மாமா வீட்டுலேருந்துதான் சாப்பாடு வந்துச்சு. காலையில கத்தினவங்க எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிட்டோம். சித்தப்பாவுக்குச் சோறு வச்சது மாமாதான்.

உங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல எத்தனை சுவர் இருக்கு? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க.