கம்பையும் அட்டையும்

ஓலைச்சுவடிக்கு அட்டைப்படம் கிடையாது. மேலும் கீழும் இரண்டு மரச்சட்டங்கள், அவ்வளவே. கம்பை என்று அவற்றுக்குப் பெயர். ஏட்டின் துளையில் கயிறு கோத்துக் கம்பைகளுக்கு நடுவே இறுக்கிக் கட்டினால் சுவடி குலையாது.

நாம் பிழைக்க வந்த இந்தக் குஜராத்திலோ அந்தக் காவற் பலகையிலேயே சித்திரம் தீட்டினார்கள். 'பட்லி' என்பார்கள். 12-ஆம் நூற்றாண்டுப் பட்லி ஒன்றில், 1125-ஐ ஒட்டிப் பாட்டன் நகரில் சித்தராஜ ஜயசிம்மன் அவையில் நடந்த சமய வாதம் வரையப்பட்டுள்ளது. சுவேதாம்பரரான வாதி தேவசூரி வென்றார். தெற்கேயிருந்து வந்த திகம்பரர் குமுதசந்திரர் தோற்றார் என்பது வென்றவர் தரப்பு வரலாறு. தமிழ்ச் சமணராகிய நாங்கள் திகம்பரர். அதாவது, தோத்தது எங்க ஆளு! சுவடியைப் பிரிக்குமுன்பே பலகை கட்சி பேசிவிடுகிறது பாருங்கள்.

தமிழ்ச் சமணர் பற்றி நான் எழுதிய சிறுநூலைச் சொந்தச் செலவில் 300 படிகள் அச்சிட்டபோது இந்தப் பட்லிதான் நினைவில் நின்றது. கணினியில் பக்கம் கட்டிய நம்ம பையன், அபுமலை தில்வாராவின் பளிங்குக் கோயிலை அட்டையில் போட்டுக் கொண்டுவந்தான். "ஜெயின் புக்தானே அங்கிள்?" என்றான். அழகான கோயில்தான், ஆனால் எங்கள் ஊர் வந்தவாசிப் பக்கம். இங்கே, "தமிழர்களிலும் ஜைனரா?" என்கிறார்கள். ஊருக்குப் போனால், "ஜெயின்னா சேட்டுங்களா?" என்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் அட்டையே பதில் சொல்லியாக வேண்டும்.

தீர்த்தங்கரர் உருவமும் வேண்டாமென்றேன். புத்தகம் தரையில் கிடக்கும், மேலே டீ டம்ளர் வைப்பார்கள், மனசு ஒப்பவில்லை.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்று என்றொரு பாறைக்குன்று. 24 தீர்த்தங்கரர்களும் அங்கே இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டும் அதே குன்றில்தான். நிசீதிகை என்றால் அத்தகைய துறவியின் நினைவிடம். மொழி தமிழ், எழுத்து, வட்டெழுத்தின் பழைய வடிவம். சமணமும் தமிழும் ஒரே பாறையில். இதைவிடப் பொருத்தமான முகம் என் நூலுக்கு ஏது?

கல்வெட்டின் மைப்படியில் எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் விழும். அதை அப்படியே முன்னட்டை முழுவதும் பரப்பினோம். பின்னட்டையில் என் புகைப்படம் கேட்டார்கள். அந்த இடத்தில் கல்வெட்டு வாசகத்தை இன்றைய எழுத்தில் போடச் சொன்னேன். கறுப்பில் விரல்ரேகை பதியும், லேமினேஷன் அவசியம் என்றார் அச்சகக்காரர். செலவு கூடியது; உள்ளே வரவிருந்த வண்ணப்படங்களைக் கறுப்புவெள்ளையாக்கிச் சரிக்கட்டினோம்.