தீக்குச்சிப் பெண்கள் தாமே எடுத்த முடிவு

1888 ஜூன் 23 அன்று 'தி லிங்க்' என்ற சிறிய லண்டன் வார இதழில் அன்னி பெசன்ட் ஒரு கட்டுரை எழுதினார். அடையாறும் ஹோம் ரூல் இயக்கமும் அவர் வாழ்வில் வருவதற்கு வெகுகாலம் முன்பு அது. கிழக்கு லண்டனில் இருந்த பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் நிலைமையை அதில் அவர் அம்பலப்படுத்தினார்.

அங்கே 16 வயதுப் பெண் ஒருத்திக்கு வாரக் கூலி 4 ஷில்லிங். அறை வாடகைக்கு மட்டும் 2 ஷில்லிங் போய்விடும். அந்தக் கூலியிலும் அபராதம் பிடித்தார்கள். கால் அழுக்காக இருந்தால் 3 பென்னி. தாமதமாக வந்தால் அரைநாள் கூலி. பங்குதாரர்களுக்கோ அந்த ஆண்டுகளில் 20 சதவீதத்துக்கும் மேல் லாபப் பங்கு கிடைத்தது.

கூலியைவிடக் கொடியது வெண்பாஸ்பரஸ். வேலை செய்யும் பலகையிலேயே சாப்பாடு. நஞ்சு ஆவியாகவும் உணவோடும் வாய்க்குள் போகும். சொத்தைப் பல் வழியாக எலும்பை அடைந்து தாடையையே அழுகச் செய்யும். நஞ்சில்லாத செம்பாஸ்பரஸ் தீக்குச்சியையும் இதே நிறுவனம் தயாரித்துவந்தது. ஆனால் வெண்பாஸ்பரஸ் குச்சிதான் மலிவு.

கட்டுரை பொய் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடச் சொன்னது நிர்வாகம். பெண்கள் மறுத்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஒருத்தியை வேலையிலிருந்து நீக்கியதும் சுமார் 1,400 பேர் வெளியேறினார்கள்.

பெசன்ட் வழிநடத்திய போராட்டம் என்றே இது நெடுங்காலம் சொல்லப்பட்டது. அப்படிச் சொன்னது அந்தப் பெண்களுக்குச் செய்த அநியாயம். பெசன்ட் கேட்டதெல்லாம் அந்த நிறுவனத்தின் சரக்கை வாங்காதீர்கள் என்பதுதான். வேலையை நிறுத்தியது தொழிலாளிகள் தாமே எடுத்த முடிவு. ஆய்வாளர் லூயிஸ் ரா இதை விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறார். நிதி திரட்டியதிலும் செய்தியைப் பரப்பியதிலும் பெசன்டின் பங்கு பெரியது. அதை யாரும் குறைக்க வேண்டியதில்லை. ஆனால் கூலி இல்லாமல் தெருவில் நின்றவர்கள் அந்தப் பெண்கள்தான். அவர்களில் ஒருவர் சாரா சாப்மன். போராட்டக் குழுவில் இருந்த அவர் பின்னர் தொழிற்சங்க மாநாட்டுக்கும் பிரதிநிதியாகப் போனார்.

இரண்டு வாரங்களில் நிர்வாகம் இறங்கிவந்தது. அபராதம் ஒழிந்தது, சாப்பிடத் தனி அறை தர ஒப்புக்கொண்டார்கள், எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். பெண்கள் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள்.

வெண்பாஸ்பரஸ் மட்டும் போகவில்லை. அந்த நிறுவனம் அதைக் கைவிட 1901 ஆயிற்று. பிரிட்டனில் 1908-இல் இயற்றிய தடைச் சட்டம் 1910-இல்தான் நடைமுறைக்கு வந்தது.