தால் ஏரித் தோட்டங்கள்: படகுத்துறையிலிருந்து சாலையோரத்துக்கு

ஸ்ரீநகரில் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்பதை இன்று பெரும்பாலும் வாடகைக் கார் ஓட்டுநர்தான் முடிவு செய்கிறார். சங்கராச்சாரியார் கோயில், சஷ்மே ஷாஹி, நிஷாத், ஷாலிமார், ஹஸ்ரத்பால் என அவர் சொல்லும் வரிசை தால் ஏரியைச் சுற்றி ஓடும் சாலை தந்த வரிசை. தோட்டங்களைக் கட்டியவர்கள் மனத்தில் இருந்த வழி வேறு. அவர்கள் ஏரி வழியாகப் படகில் வந்து இறங்கினார்கள். படகுத்துறையில் இருந்த வாசல் சாலையோரத்துக்கு மாறியதுதான் இந்நகரச் சுற்றுலா வரலாற்றின் மையம் என்பது இக்கட்டுரையின் துணிபு.

அக்பரின் படை 1586-இல் காஷ்மீரைக் கைப்பற்றியது. தோட்டங்களுக்கு வித்திட்டவர் என்று சொல்ல வேண்டியவர் அவர் மகன் ஜஹாங்கீர். 1619-இல் தொடங்கிய ஷாலிமார் பணியை இளவரசர் குர்ரம், அதாவது பிற்கால ஷாஜஹான், மேற்பார்வையிட்டார். 1633-இல் நூர்ஜஹானின் அண்ணன் ஆசஃப் கான் நிஷாத் தோட்டத்தை அமைத்தார். பாரசீகத்துச் சார்பாக் சமதளத்தில் நான்கு பாத்தியாகப் பிரிவது. ஜபர்வான் மலைச்சரிவில் அது செல்லாது. ஆகவே தோட்டம் படிப்படியாக அடுக்கப்பட்டது. நிஷாத்தில் பன்னிரண்டு அடுக்குகள். மலையிலிருந்து இறங்கும் நீர் தன் பாரத்தாலேயே ஓடி, தன் அழுத்தத்தாலேயே நீரூற்றுகளில் பீறிட்டது. அடுக்குக்கு அடுக்கு நீர் வழியும் சாய்ந்த கற்பலகைகளில் வரி வரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். வழுக்கி ஓட வேண்டிய நீர் அதில் மோதி நுரைத்து வெண்துணிபோல் விரிகிறது. ஷாலிமாரில் அருவிக்குப் பின்னால் சுவரில் சிறு சிறு மாடங்கள். பகலில் பூச்சாடிகளும் இரவில் விளக்குகளும் வைப்பதற்கு அவை. இப்போது வெறுமையாக இருக்கும் அந்த மாடங்களைக் கவனிக்காமலே கடந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

இந்த அமைப்பில் ஓர் அதிகார ஒழுங்கும் உண்டு. ஏரியிலிருந்து கால்வாய் வழியே ஷாலிமாருக்கு வருபவர் முதலில் பொதுமக்கள் மன்னரைக் காணும் அடுக்கை அடைவார். அதற்கு மேல் பேரரசரின் தனி அடுக்கு, அதற்கும் மேல் அந்தப்புரம். யார் எதுவரை ஏறலாம் என்பதைத் தோட்டமே சொல்லிவிடும். இன்று நுழைவுச்சீட்டு வாங்கியவர் எல்லா அடுக்குக்கும் ஏறலாம். இழப்புகளையே பேசும் ஆய்வாளர்கள் இந்த ஆதாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மேற்குக் கரையில் கதை வேறு திசையில் போயிற்று. 1623-இல் சாதிக் கான் என்பவர் அங்கே தோட்டத்தோடு ஒரு மாளிகை கட்டினார். 1634-இல் வந்த ஷாஜஹான் அதைத் தொழுகைக்கூடமாக மாற்றச் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் நபிகளின் திருமுடி எனப் போற்றப்படும் நினைவுப்பொருள் காஷ்மீருக்கு வந்து அங்கே வைக்கப்பட, உல்லாச மாளிகை ஹஸ்ரத்பால் தர்கா ஆயிற்று. 1963 டிசம்பர் 27 அன்று அத்திருமுடி காணாமல் போனபோது பள்ளத்தாக்கே தெருவில் திரண்டது. 1964 ஜனவரி 4 அன்று மீண்டும் கிடைத்தது. நாம் படம் பிடிக்கும் வெண்பளிங்குக் கட்டடமோ 1979-இல் முடிந்தது. ‘முகலாயர் கட்டிய தர்கா’ என்று வழிகாட்டிகள் சொல்வது பாதிதான் சரி.

1846-இல் டோக்ரா ஆட்சி வந்தது. வெளியார் நிலம் வாங்க அரசு இடம் தரவில்லை. கோடையைக் கழிக்க வந்த ஆங்கிலேயர் தண்ணீரில் குடியேறினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் படகு வீடுகள் பெருகின. காஷ்மீரின் அடையாளம் என நாம் கொண்டாடுவது ஒரு நிலச்சட்டத்தின் விளைவு! ஆனாலும் அதுவரை பயணி ஏரியிலேயே இருந்தான், ஷிகாரா என்னும் படகிலேயே தோட்டத்துக்குப் போனான்.

பிறகு சாலைகள் வந்தன. பனிஹால் கணவாய் வழி வண்டிச்சாலை 1922-இல் பொதுமக்களுக்குத் திறந்தது. 1947-க்குப் பின் ஜீலம் பள்ளத்தாக்குச் சாலை அடைபட, பனிஹாலே ஒரே தரைவழிப் பிடிமானம் ஆனது. 1961-இல் ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ திரைப்படம் தமிழ் ரசிகருக்கு இந்த ஏரியைக் காட்டியது. தேனிலவுக்குக் காஷ்மீர் என்னும் ஆசையில் அதற்குப் பங்குண்டு. ஏரிக்கரையில் நீண்ட சாலை நிஷாத்தின் அடித்தள அடுக்கை வெட்டிக்கொண்டு போனது. தண்ணீரைத் தொட்டு நின்ற தோட்டம் சாலைக்கு அப்பால் ஒதுங்கியது. ஷாலிமாரின் கால்வாயும் நுழைவழி என்ற தகுதியை இழந்தது.

நிஷாத், ஷாலிமார் உள்ளிட்ட ஆறு முகலாயத் தோட்டங்கள் 2010-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. மதில்களையும் மண்டபங்களையும் காப்பது மட்டும் போதாது. ஏரிப்பக்க நுழைவையும் பாரம்பரியத்தின் பகுதியாகக் கருத வேண்டும். 2025 ஜூனில் காட்ராவிலிருந்து ரயிலும் பள்ளத்தாக்கை எட்டிவிட்டது. கூட்டம் இனிச் சாலையைத்தான் நிறைக்கும். நிஷாத்துக்குப் போகிறவர்கள் போகும்போதாவது காரை விட்டுவிட்டு ஷிகாராவில் போய் இறங்குங்கள்.