அரும்பதம் தேடி வருகிறவர்

தேடுபொறியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1990களின் நடுப்பகுதியில், அல்டாவிஸ்டாவிலோ கூகுளிலோ தொடங்குவது வழக்கம். அந்த வரலாற்றுக்குள் இன்னும் பழமையான ஒரு கிளைக்கதை உண்டு. யாரோ ஒருவர் ஐந்தாறு சொற்களைக் கோத்துக் கேட்கும் அரிய கேள்விக்கும், அதற்கான விடையைத் தாங்கி எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் பக்கத்துக்கும் இடையிலான உறவின் கதை அது. விளம்பரத் துறையினர் இத்தகைய கேள்விகளுக்கு 'நீள்வால் தேடுசொற்கள்' என்று பெயரிட்டார்கள். பெயர் வணிகத்திலிருந்து வந்தது. பொருளோ, நூல்களைப் பேணியவர்களும் சொற்களை எண்ணியவர்களும் எண்ணூறு ஆண்டுகளாக அறிந்திருந்த ஒன்று.

முதலில் செய்தியைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'கவிதை' என்று ஒற்றைச் சொல்லைத் தேடுவோர் ஏராளம். அச்சொல்லைக் கொண்ட பக்கங்களும் ஏராளம். அவற்றுள் முதல் பத்து இடங்களைப் பெரிய தளங்கள் பிடித்துக்கொள்கின்றன. 'வெண்பா ஈற்றுச்சீர் காசு பிறப்பு வேறுபாடு' என்று தேடுகிறவர் நாளுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். ஆனால் அவர் தமக்கு வேண்டியது இன்னதென்று அறிந்து வருகிறார். அதை எழுதி வைத்திருக்கும் சிறு பக்கம் ஒன்று இருக்குமானால், பெரிய தளங்களைத் தாண்டி அவர் அங்கே வந்து சேர்வார். இப்படி ஒற்றையாய் வருகிறவர்கள் ஆயிரம் வெவ்வேறு சொற்கோவைகள் வழியே வந்தால், அவர்களின் கூட்டுத்தொகை ஒற்றைச் சொல்லால் வரும் கூட்டத்தை விஞ்சவும் கூடும்.

சொல்லைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் கலைக்கு ஐரோப்பாவில் தெளிவான ஒரு தொடக்கம் இருக்கிறது. 1230களில் பாரிசு நகரின் செயின்ட் ழாக் மடத்தில், ஹியூ என்ற டொமினிக்கத் துறவியின் தலைமையில், லத்தீன் விவிலியத்தின் சொற்களுக்கெல்லாம் அகரவரிசையில் ஒரு சொல்லடைவு உருவாக்கப்பட்டது. வசன எண்கள் அப்போது வழக்கில் இல்லை. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஏழு எழுத்துக்களால் குறித்தார்கள். மறையுரை ஆற்றவேண்டிய துறவிக்கு ஒரு சொல் நினைவில் இருக்கும், இடம் நினைவில் இராது. அந்தக் குறையை நிரப்பவே இத்தனை உழைப்பு. அடிக்கடி வரும் சொல்லுக்கு அடைவில் இடங்கள் மலிந்து கிடக்க, அரிய சொல் ஒன்றே அவரைச் சரியான பக்கத்தின் முன்னால் கொண்டு நிறுத்தியிருக்கும்.

தமிழிலும் இதற்கு நெருங்கிய உறவுடைய மரபு உண்டு. உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைப் புரட்டியவர்கள் நூலின் இறுதியில் உள்ள அரும்பத அகராதியை மறந்திருக்கமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்த சொல்லுக்கு அங்கே இடமில்லை. அருகி வரும் சொல்லுக்கே அட்டவணை வேண்டும் என்பது பதிப்பாசிரியர்கள் அனுபவத்தால் கண்ட உண்மை.

அவ்வுண்மையின் கணக்கு வடிவம் 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளர் ழான் பாப்டிஸ்ட் எஸ்தூப் சொற்களின் பயில்வில் ஓர் ஒழுங்கைக் கவனித்திருந்தார். அதைப் பரவலாக அறியச் செய்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஜிஃப். 1949இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஜேம்ஸ் ஜாய்சின் 'யுலிசஸ்' நாவலைச் சான்றாகக் கொண்டார். அந்நாவலுக்கு முன்பே முழுமையான சொல்லடைவு தயாரிக்கப்பட்டிருந்தது. மொத்தச் சொற்கள் 2,60,430. தனித்தனிச் சொற்கள் 29,899. பயில்வு வரிசையில் 10ஆவது இடத்திலுள்ள சொல் 2,653 முறை வருகிறது. 100ஆவது சொல் 265 முறை, 1,000ஆவது சொல் 26 முறை, 10,000ஆவது சொல் இரண்டே முறை. தனிச்சொற்களில் பாதிக்கு மேற்பட்டவை நாவல் முழுவதிலும் ஒரே ஒரு முறைதான் தலைகாட்டுகின்றன. இதை வரைபடமாக இட்டால் இடப்பக்கம் உயர்ந்த ஒரு தலையும், வலப்பக்கம் தரையை ஒட்டி நெடுந்தூரம் ஓடும் ஒரு வாலும் தெரியும். பின்னாளில் புகழ்பெற்ற அந்த வாலின் முதல் ஓவியங்களுள் இது ஒன்று.

அரிய சொல்லுக்கு அதிக மதிப்பளிக்க வேண்டும் என்று கணினிக்குக் கற்பித்தவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ். வரலாறு படித்துப் பின் மொழி ஆய்வுக்கு வந்த இவ்வம்மையார் 1972இல் வெளியிட்ட கட்டுரையின் வாதம் மிக எளியது. ஆயிரம் ஆவணங்களில் ஐந்நூறில் ஒரு சொல் இருந்தால், அச்சொல் எதையும் பிரித்துக் காட்டாது. இரண்டில் மட்டும் இருந்தால், தேடுகிறவருக்கு வேண்டியது அவ்விரண்டுள் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரு சொல்லின் எடை, அது எத்தனை ஆவணங்களில் வருகிறது என்பதற்கு எதிர்விகிதத்தில் அமையவேண்டும். அவர் சோதித்துப் பார்த்தவை சில நூறு ஆவணங்கள் கொண்ட சிறு தொகுப்புகள். பின்னர் எழுந்த தேடுபொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் இக்கருத்து சென்று அமர்ந்தது. 2007இல் அவர் மறைந்தபோது, உலகம் நாள்தோறும் அவருடைய எண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலர்.

சொல்லுக்கு எடை கிடைத்த பிறகு விலையும் கிடைத்தது. 1998இல் பில் கிராஸ் தொடங்கிய கோடூ என்ற தேடுதளம் சொற்களை ஏலத்தில் விட்டது. ஒரு சொல்லைத் தேடுகிறவருக்குத் தம் விளம்பரம் முதலில் தெரியவேண்டும் என்று விரும்பும் வணிகர், ஒவ்வொரு சொடுக்குக்கும் தாம் தரும் தொகையை முன்வைக்கலாம். இந்நிறுவனம் ஓவர்ச்சர் எனப் பெயர் மாறி 2003இல் யாஹூவின் கைக்குப் போயிற்று. கூகுள் தன் விளம்பரத் திட்டத்தை 2000இல் தொடங்கி, 2002இல் சொடுக்குக்கு விலை என்னும் ஏலமுறைக்கு வந்தது. பொதுச் சொற்களின் விலை ஏறியதும், கையில் பணம் குறைந்தவர்கள் யாரும் ஏலம் கேட்காத நீண்ட சொற்கோவைகளை நாடினார்கள். 'காலணி' பணக்காரருக்கு. 'தட்டைப்பாதத்துக்கான அகலமான ஓட்டக் காலணி' எளியவருக்கு. நீள்வால் தேடுசொல் ஓர் உத்தியாக உருப்பெற்றது இவ்வாறுதான்.

2004 அக்டோபரில் வயர்டு இதழின் ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் எழுதிய கட்டுரை இந்த வாலுக்கு நிலையான பெயரைத் தந்தது. அவர் எடுத்துக்காட்டியது நூல்களின் கதை. ஜோ சிம்ப்சன் 1988இல் எழுதிய மலையேற்ற நூல் ஒன்று மறக்கப்பட்டுக் கிடந்தது. 1997இல் ஜான் கிராக்காவரின் எவரெஸ்ட் நூல் வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. அமேசான் தளம் இதை வாங்கியவர்களுக்கு அதையும் காட்டியது, பழைய நூல் உயிர்த்தெழுந்தது. அலமாரிக்கு அளவு இல்லாத இடத்தில், மிகச் சிலருக்கே வேண்டிய நூலும் தன் வாசகரைக் கண்டடையும் என்றார் ஆண்டர்சன். முந்நூறு படிகள் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்துப் பழகிய சிற்றிதழ் உலகத்துக்கு இதைவிட இனிய செய்தி வேறென்ன இருக்கமுடியும்?

எதிர்ப்பும் எழுந்தது. ஹார்வர்டு பேராசிரியை அனிதா எல்பர்ஸ் 2008இல் இசை, திரைப்பட விற்பனைக் கணக்குகளை ஆராய்ந்து, வால் நீள்வது உண்மை, ஆனால் அது மிகவும் மெலிந்தது என்று காட்டினார். பெரும் வெற்றிகளின் பங்கு குறையவில்லை. வாலை மொத்தமாகத் தன் கையில் வைத்திருக்கும் கடைக்காரர் ஆதாயம் பெறலாம். வாலின் ஒரு புள்ளியில் நிற்கும் எழுத்தாளருக்கு அவ்வளவு கிட்டாது.

தமிழுக்கு இவ்வரலாற்றில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் மொழி ஒட்டுநிலை மொழி. 'மரம்' என்ற ஒன்றே மரத்தை, மரத்தால், மரத்திலிருந்து, மரங்களுக்கும் என்று பல உருக்கொள்கிறது. ஆங்கிலத்தில் தனிச் சொற்களாக நிற்பவை இங்கே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால், ஒருமுறை மட்டும் வரும் உருவங்கள் பெருகுகின்றன. அதாவது தமிழின் வால் இயல்பிலேயே நீண்டது. விகுதி பிரிக்கத் தெரியாத தேடுபொறிக்கு 'மரம்' வேறு, 'மரத்திலிருந்து' வேறு. இதோடு குறியேற்றக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. 1990களின் இறுதியில் டிஸ்கி, டாப் என்று பல முறைகள் வழங்கின. ஒரே சொல் ஒவ்வொன்றிலும் வெவ்வேறு எண்களின் வரிசை. 1998இல் மதுரைத் திட்டம் தொடங்கிப் பழந்தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறின. ஒரு குறியேற்றத்தில் உள்ளதை மற்றொன்றில் தட்டச்சிட்டுத் தேடினால் அகப்படாது. யூனிகோடு பரவிய பின்னரே நம் அரும்பதங்கள் தேடுவோர் கைக்கு எட்டின.

அரிய கேள்வி அதைக் கேட்பவரையும் காட்டிக்கொடுக்கும் என்பது 2006 ஆகஸ்டில் தெரியவந்தது. ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்காகத் தன் பயனர்கள் சுமார் 6,50,000 பேரின் மூன்று மாதத் தேடல்களை, பெயர்களை நீக்கி எண்களை இட்டு வெளியிட்டது. ஏறத்தாழ இரண்டு கோடித் தேடல்கள். சில நாட்களுக்குள் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் அவ்வெண்களுள் ஒன்றின் பின்னால் இருந்த பெண்மணியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பொதுச்சொற்கள் அவரைக் காட்டவில்லை. ஊர், குடும்பப் பெயர், உடல் உபாதை, வளர்ப்பு நாய் என்று ஒருவருக்கே உரிய சொற்கோவைகள் காட்டின. ஸ்பார்க் ஜோன்ஸ் ஆவணங்களைப் பற்றிச் சொன்னது மனிதர்களுக்கும் பொருந்திவிட்டது.

வால் விளைநிலமாக மாறியது அதற்கு அடுத்த கட்டம். 2006இல் தோன்றிய டிமாண்ட் மீடியா நிறுவனம், மக்கள் எதைத் தேடுகிறார்கள், அதற்கு எத்தகைய விளம்பர விலை உண்டு என்பதை மென்பொருளால் கணித்து, அத்தலைப்புகளில் மலிவான கூலிக்குக் கட்டுரைகளை எழுதிவாங்கிக் குவித்தது. கேள்விக்கு ஒரு பக்கம் இருந்தது, அறிந்தவரின் விடை இருந்ததா என்பது வேறு. 2011 ஜனவரியில் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தபோது நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தைவிட அதிக மதிப்புப் பெற்றது. மறுமாதமே கூகுள், பின்னர் பாண்டா எனப்பட்ட மாற்றத்தைச் செய்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 விழுக்காடு அதனால் பாதிக்கப்பட்டதாக அறிவித்தது. பயிர்வயல்கள் வாடின. களையோடு சேர்ந்து சில நல்ல செடிகளும் போயின என்ற முறையீடும் அப்போது எழுந்தது.

இன்னொரு மாற்றம் அவ்வளவு கவனம் பெறவில்லை. அதுவரை, ஒரு தளத்துக்கு வருகிறவர் எந்தச் சொல்லைத் தேடி வந்தார் என்பதைத் தளத்தை நடத்துபவர் பார்க்கமுடிந்தது. நாம் எழுதியதில் எந்த மூலையை யார் தேடி வந்தார் என்று காட்டிய சாளரம் அது. 2011 அக்டோபரில் கணக்குக்குள் நுழைந்து தேடுவோருக்கும், 2013இல் ஏறத்தாழ எல்லாருக்கும் கூகுள் தேடல்களை மறையாக்கம் செய்தது. தேடுகிறவரின் அந்தரங்கத்தைக் காக்க இது தேவையென்பதை ஏஓஎல் நிகழ்ச்சிக்குப் பின் மறுக்க இயலாது. விளம்பரத்துக்குப் பணம் தந்தவர்களுக்கு அச்சொற்கள் தொடர்ந்து கிடைத்தன என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

இன்று நாள்தோறும் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு முன்பு ஒருபோதும் கேட்கப்படாதவை என்று கூகுள் பலமுறை சொல்லியிருக்கிறது. மனிதரின் கேள்விகள் தீர்ந்துபோகவில்லை. மாறியது விடையின் பாதை. இரண்டெழுத்துத் தட்டியதும் பிறர் கேட்ட கேள்விகள் வரிசையாய் நீண்டு நம்மைத் தலைப்பக்கம் இழுக்கின்றன. 2024 மே மாதம் அமெரிக்காவில் பரவலாக அறிமுகமான செயற்கை அறிவுச் சுருக்கம், பல பக்கங்களிலிருந்து திரட்டிய விடையைத் தேடல் பக்கத்திலேயே தருகிறது. ஈற்றுச்சீரைத் தேடியவருக்கு விடை கிடைத்துவிடுகிறது. அதை எழுதியவரின் வாசலுக்கு அவர் வரவேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம்.

இழப்பு அங்கேதான் இருக்கிறது. ஈற்றுச்சீரைத் தேடி வந்தவர் விடையோடு திரும்பிவிடுவதில்லை. அதே பக்கத்தில் தளை பற்றியும், யாப்பில் நாட்டம் கொண்ட ஒரு மனத்தின் பிற அலைச்சல்கள் பற்றியும் படித்துவிட்டுப் போவார். சில நாள் கழித்து மீண்டும் வருவார். பல இலக்கிய நட்புகள் இப்படி ஓர் அரும்பதத்தில் தொடங்கியவை. பாரிசு மடத்துச் சொல்லடைவு வாசகரை மூலநூலுக்குத் திருப்பி அனுப்பியது. சாமிநாதையரின் அகராதியும் பக்க எண்ணைத் தந்து பாடலுக்கே அனுப்பியது. இனி வரும் கருவிகளை மதிப்பிட அந்த ஒரு கேள்வி போதும்: அது நம்மை எழுதியவரிடம் அனுப்புகிறதா, இல்லையா? நம் பங்குக்கு, தேடுவார் மிகச் சிலரே என்று தெரிந்த பொருளையும் அதன் சரியான பெயரிட்டு, ஐயமறத் தெளிவாக எழுதிவைக்கலாம். ஒருவர் வருவார்.