கிரான்பெர்ரி சாஸின் வரலாறு

கிரான்பெர்ரி சாஸ் என்பது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட கிரான்பெர்ரி என்னும் புளிப்பான சிறு செம்பழத்தைச் சர்க்கரையும் நீரும் சேர்த்துக் காய்ச்சிச் செய்யப்படும் தொடுகறி ஆகும். அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காவது வியாழக்கிழமை கொண்டாடப்படும் நன்றியறிதல் நாள் விருந்தில், வான்கோழி இறைச்சியுடன் இது பரிமாறப்படுகிறது. 1621இல் நடந்த முதல் விருந்திலிருந்தே இவ்வழக்கம் தொடர்வதாகப் பலர் நம்புகின்றனர். அதற்குச் சான்று இல்லை.

பூர்வகுடிகளின் பழம்

கிரான்பெர்ரி சதுப்பு நிலத்தில் படரும் கொடியில் காய்க்கிறது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே பூர்வகுடிகள் இதைப் பச்சையாகவும் உலர்த்தியும் உண்டனர். மருந்தாகவும் சாயமாகவும் பயன்படுத்தினர். உலர்ந்த இறைச்சி, கொழுப்பு, பழங்கள் ஆகியவற்றை இடித்துச் சேர்த்த 'பெமிக்கன்' என்ற உணவு பல மாதங்கள் கெடாமல் இருந்தது.

1621 விருந்து

பிளிமத் குடியேறிகளுள் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ, அவ்வாண்டு டிசம்பரில் எழுதிய கடிதத்தில் விருந்தை விவரித்துள்ளார். வாம்பனோவாக் தலைவர் மாசசாய்ட் 90 பேருடன் வந்ததும், அவர்கள் 5 மான்களை வேட்டையாடிக் கொடுத்ததும் அதில் உள்ளன. கிரான்பெர்ரி பற்றிய குறிப்பு இல்லை. அன்று அங்கே சர்க்கரை மிக அரிது. சர்க்கரை இல்லாமல் இந்தச் சாஸ் இல்லை.

சாஸ் தோன்றிய காலம்

கிரான்பெர்ரியைச் சர்க்கரையுடன் வேகவைத்து இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் வழக்கத்தை ஜான் ஜோசலின் 1672இல் வெளியான தம் நூலில் குறித்துள்ளார். பூர்வகுடியினர், ஆங்கிலேயர் ஆகிய இருவரும் அவ்வாறு உண்டதாக அவர் எழுதுகிறார். 1796இல் அமீலியா சிம்மன்ஸ் எழுதிய 'அமெரிக்கன் குக்கரி' நூல், வான்கோழியுடன் கிரான்பெர்ரி சாஸைப் பரிமாறச் சொல்கிறது. அதே வரிசையில் 'மாங்கோ'வும் வருகிறது. அக்கால ஆங்கிலச் சமையலில் அச்சொல் ஊறுகாயாகப் போட்ட காய், பழங்களையும் குறித்தது. மாங்காய் ஊறுகாயுடன் கடல் கடந்து சென்ற சொல் அது.

1816இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் பகுதியில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வந்து மூடிய கொடிகள் செழித்து வளர்வதைக் கண்டார். வணிகச் சாகுபடி அதிலிருந்து தொடங்கியது. 1863இல் ஆபிரகாம் லிங்கன் நன்றியறிதல் நாளை நாடு முழுவதற்கும் அறிவித்தார்.

வீட்டில் செய்யும் முறை

சுமார் 340 கிராம் பழத்துக்கு ஒரு கோப்பை சர்க்கரை, ஒரு கோப்பை நீர் போதும். கொதிக்கும்போது பழத்தோல் படபடவென வெடிக்கும். பத்து நிமிடத்தில் இறக்கிவிடலாம். பழத்திலுள்ள பெக்டின், புளிப்பு அமிலத்துடனும் சர்க்கரையுடனும் சேர்வதால் ஆறியதும் தானாகவே இறுகும்.

தகர டப்பாவும் 1959 அச்சமும்

1912இல் மார்கஸ் யூரான் என்ற வழக்கறிஞர், நசுங்கிய பழங்கள் வீணாகாமல் இருக்கச் சாஸைத் தகர டப்பாவில் அடைத்து விற்றார். பின்னர் பல வீடுகளில் காய்ச்சும் வேலையே நின்றது. 1959 நவம்பர் 9 அன்று, சில பழங்களில் களைக்கொல்லி கலந்திருப்பதாக அமைச்சர் ஆர்தர் ஃபிளெமிங் அறிவித்தார். பண்டிகைக்கு 17 நாட்களே இருந்தன. விற்பனை சரிந்தது. அதிபர் ஐசனோவர் வீட்டு விருந்திலும் அவ்வாண்டு ஆப்பிள் சாஸே இடம்பெற்றது.

இன்றைய நிலை

1621இல் ஒன்றாக உண்ட இரு தரப்பினரும் 1675இல் போரில் மோதினர். வாம்பனோவாக் மக்கள் உயிர்களையும் நிலத்தையும் பெருமளவில் இழந்தனர். 1970 முதல் பூர்வகுடியினர் பலர் நன்றியறிதல் நாளைப் பிளிமத்தில் துக்க நாளாகக் கடைப்பிடிக்கின்றனர். எனினும் பழத்துடனான உறவு அறுபடவில்லை. அக்வின்னா வாம்பனோவாக் மக்கள் அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமையைக் கிரான்பெர்ரி நாளாகக் கொண்டாடுகின்றனர். அன்று பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லாமல் பெரியவர்களுடன் பழம் பறிக்கச் செல்கின்றனர்.